பாளையம்பட்டி வழியாகப் பனிமலை

அன்றைக்கு மில்லில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரி. என் அண்ணன். மதினி. பாளையம்பட்டியிலிருந்து வந்திருந்த மச்சினன், அதாவது வீட்டுக்காரியின் தம்பி. ஆட்கள் அவ்வளவுதான். அது போக ஒரு மூட்டை மல்லி இருந்தது. பெஞ்சில் இடம் இல்லாததால் மதினி அதன் மேல் உட்கார்ந்திருந்தாங்க.

எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரில் இருக்கிற ஒரே மாவு மில்லு எங்களுடையது. மிளகாய், மல்லி, அரிசி, கம்பு, எது வந்தாலும் அரைப்போம். நான் ஆறாவது வரை படித்தேன். மில்லு ஓடும்போது பேசினால் யாருக்கும் கேட்காது. அதனால் பேசுகிற பழக்கம் எனக்குக் குறைந்து போனது. காதும் பாதிதான். போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன்.

மில்லுச் சுவரில் ஒரு காலண்டர் அட்டை தொங்குகிறது. உரக்கடையில் கொடுத்தது. தேதித் தாளெல்லாம் கிழித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அட்டையை மட்டும் வீட்டுக்காரி கழற்ற விடவில்லை. அதில் பனிமலைப் படம். மூன்று மலை. மிளகாய் அரைக்கிற நாளில் பனி சிவப்பாகிவிடும். அவள் ஈரத்துணி எடுத்து வந்து துடைப்பாள். மோட்டார் மேல் படிந்ததை விட்டுவிடுவாள். இதைத் துடைப்பாள்.

பொண்ணைக் கட்டிக்கொடுத்தாச்சு. பையனும் சென்னைக்கு வேலைக்குப் போயாச்சு. அதற்குப் பிறகு ஒரு நாள் அட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இத ஒரு தடவ நேர்ல பாக்கணும்."

கல்யாணம் ஆன புதிதில் ஒரு கிரைண்டர் கேட்டாள். மில்லுக்காரன் வீட்டில் எதற்கு கிரைண்டர் என்று நினைத்தேன், ஆனாலும் வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் வாய் திறந்து கேட்டது இதுதான்.

மச்சினனுக்குப் பாளையம்பட்டியில் ரீசார்ஜ் கடை. ஜெராக்ஸ் எடுப்பான், டிக்கெட் போடுவான். அவனுக்குச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அண்ணனும் மதினியும் மாவு வாங்க வந்தவர்கள், விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்கள். அப்படித்தான் அஞ்சு பேர் ஆனோம்.

மச்சினன் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"இமாச்சல்னு ஒரு மாநிலம் மச்சான். முழுக்க மலை."

"முழுக்கன்னா?" அண்ணன் கேட்டார். "வெவசாயம் எங்க பண்ணுவாக?"

"மலையிலதான் பெரிய மச்சான். ஆப்பிளு."

"தண்ணி?"

"பனி உருகி வருது. ஆறு ஆறா ஓடுது பாருங்க."

"சும்மாவா வருது?"

"சும்மாதான்."

அண்ணன் போனை வாங்கி அந்த ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த வருஷம்தான் தோட்டத்தில் போர் போட்டு வெறும் புகையாக வந்திருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"தேசியப் பூங்காவே நாலஞ்சு இருக்கு. ஒன்னுக்கு நாம போறோம்" என்றான் மச்சினன்.

"ஊஞ்சலு இருக்குமா?" மதினி கேட்டாங்க.

"அந்தப் பூங்கா இல்லக்கா. இது காடு. கரடி, காட்டாடு, பனிச்சிறுத்தை எல்லாம் இருக்கும்."

"சிறுத்தையக் கிட்டக்க பாக்கலாமா?"

"சிறுத்தையப் பாக்க முடியாது. அங்க வேல பாக்குறவுகளே பாத்ததில்லையாம்."

"பெறகு எதுக்குலே டிக்கெட்டு?" என்றார் அண்ணன்.

"அது அங்க இருக்குல்ல, அதுக்கு."

"இருக்கறதுக்கா? நம்ம காட்டுல பன்னி தெனம் வருது. கடலையப் பூரா நோண்டிட்டுப் போகுது. நான் எவன்ட்டயாச்சும் டிக்கெட்டு கேட்டேனா?"

மதினி மல்லி மூட்டையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாங்க. "இந்த வயசுல அவனவன் பொண்ணு பாக்கப் போவான். இவன் கண்ணுக்குத் தெரியாத சிறுத்தையப் பாக்கப் போறான்."

"ரெண்டும் ஒன்னுதான்க்கா. அதுவும் இதுவரைக்கும் என் கண்ணுல படல."

சாப்பாட்டுப் பேச்சு வந்தது. காலையில் சப்பாத்தி என்றான். மத்தியானம் என்று கேட்டோம். சப்பாத்தி என்றான். ராத்திரிக்கு என்னவென்று அண்ணன் கேட்டதற்கு மச்சினன் போனைத் துடைக்க ஆரம்பித்தான். அரிசி பத்து கிலோவும் இட்லிப் பொடி ரெண்டு கிலோவும் கொண்டுபோவது என்று முடிவானது. இட்லி எங்கே கிடைக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. பொடி இருந்தால் ஒரு தைரியம்.

வீட்டுக்காரி கடைசியில் தம்பியிடம் ஒன்று கேட்டாள்.

"பனிய கையில தொடலாமா?"

"தொடலாம்க்கா. அள்ளி அள்ளி எறியலாம்."

"எறிய வேண்டாம். தொட்டாப் போதும்" என்றாள்.

மச்சினன் அஞ்சு டிக்கெட் போட்டான். மதுரையிலிருந்து டெல்லிக்கு ரயில், அங்கிருந்து பஸ். பங்குனி நடுவில் கிளம்பி பங்குனிக்குள் திரும்புகிற மாதிரி. சித்திரையில்தான் வீட்டுக்கு வீடு மிளகாய்ப் பொடி அரைக்க வருவார்கள். அப்போது மில்லைப் பூட்ட முடியாது. எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலும் சித்திரையில்தான். எல்லாம் தோதாக இருந்தது.

மாசிக் கடைசியில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டு சித்திரைக்குக் கொட்டுக்காரர்களைப் பேசிவிட்டார்களாம். வேறு கொட்டு சரிப்படாது என்று சொல்லி எங்கள் ஊரில் சாட்டுதலையும் பொங்கலையும் பங்குனிக்கு இழுத்துவிட்டார்கள். அண்ணன் விழாக் கமிட்டியில் இருக்கிறார். கூட்டத்தில் சரி என்று கை தூக்கியவர்களில் அவரும் ஒருத்தர்.

மறுநாள் மில்லுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னார். நான் கேட்டேன்.

"ஏண்ணே, டிக்கெட்டு?"

"அய்யய்யோ" என்றார். "தேதியத்தாம்லே பாத்தேன். டிக்கெட்ட நெனைக்கல."

"ரெண்டும் ஒரே சமயந்தான் வருது."

"அதத்தான் இப்பச் சொல்றேன்."

சாட்டுதல் என்பது இதுதான். பொங்கலுக்குப் பதினஞ்சு நாள் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் கொட்டு அடித்து, இன்ன நாளில் பொங்கல் என்று ஊருக்குச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ராத்திரிக்கு ஊர் வந்துவிட வேண்டும். வீட்டில் தாளிக்கக் கூடாது. கறி கிடையாது. மீறினால் என்ன ஆகும் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. யாரும் மீறிப் பார்த்ததில்லை. ஒருத்தர் மட்டும் ஒரு தடவை ராமநாதபுரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் தங்கிவிட்டார். வந்து பார்த்தால் அவருடைய ஆடு செத்துக் கிடந்தது. ஆட்டின் வயிற்றில் பாலிதீன் பை இருந்தது. இருந்தாலும் அதை அம்மன் கணக்கில்தான் எழுதினார்கள்.

ரயில் நாள் சாட்டுக்கு அடுத்த வாரம் வந்தது. பொங்கலுக்கு நாங்கள் மலையில் இருப்போம்.

"ரத்து பண்ணச் சொல்லிரு" என்றார் அண்ணன். "மல எங்கயும் எந்திரிச்சுப் போயிராது."

வீட்டுக்காரி மிளகாய் கொட்டிக்கொண்டிருந்தாள். பாதி மூட்டை மிச்சம் இருந்தது. கொட்டி முடித்தாள். அரைத்து முடித்தாள். மோட்டாரை நிறுத்தினாள். மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"அத்தான், சாட்டும்போது ஊருல இல்லாதவுகளுக்கும் இது உண்டா?"

"யாரச் சொல்ற?"

"திருப்பூருக்குப் பொழைக்கப் போனவுக பொங்கலுக்கு மொத நாளுதான வாராக. அதுவரைக்கும் அவுக எங்க படுத்தாக, தாளிச்சாகளான்னு யாரும் கேக்கறதில்லையே."

"அவுக சாட்டும்போதே இங்க இல்லையேம்மா."

"அப்ப நாங்களும் இல்ல" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மிளகாய்ப் பொடியைப் பார்த்தேன்.

பூசாரியிடம் கேட்பது என்று ஆனது. பூசாரிக்கு நாற்பது வயது இருக்கும். பகலில் திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மெயின் ரோட்டு விலக்கில் நின்று கை காட்டினோம். ஏற்கனவே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் வண்டியை அணைக்காமலே பதில் சொன்னார்.

"கொட்டு காதுல விழுந்தா ஊர்க்காரன். விழலேன்னா விருந்தாளி. அம்புட்டுத்தான்."

"எம்புட்டுத் தூரம் போகணும்?" அண்ணன் கேட்டார்.

"மைக் செட்டுக் குழா ரேடியோ சத்தமும் சேத்திதான், பாத்துக்கங்க. முன்ன ஒருத்தரு, நான் சாட்டும்போது பக்கத்து ஊரு டீக்கடையிலல்ல இருந்தேன்னாரு. குழாயில கேட்டுச்சான்னேன். கேட்டுச்சுன்னாரு. ராத்திரிக்கு வந்து ஊருல படுங்கன்னுட்டேன்."

"அப்ப பாளையம்பட்டி?"

"அங்க லாரிச் சத்தத்துல எதுவும் கேக்காது. தாராளமாப் போங்க." ஆட்டோவில் இருந்தவர்களும் சரிதான் என்றார்கள்.

கமிட்டி ஆள் சாட்டுக்கு இல்லாமல் முடியாது. அண்ணன் டிக்கெட்டை மட்டும் ரத்து பண்ணினோம். மதினி வருவதாகச் சொன்னாங்க. அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"எனக்குச் சோறு?"

"பதினஞ்சு நாளைக்குத் தாளிக்கக் கூடாதுல்ல. உப்பப் போட்டு வேக வைக்கத் தெரியாதா?"

திங்கட்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பஸ்ஸுக்கு நின்றோம். ஊர்க்காரர் ஒருத்தர் கேட்டார்.

"எங்க, பெட்டியோட?"

"இமாச்சல்" என்றேன்.

"ரயிலு அடுத்த வாரமின்னாகளே?"

"பாளையம்பட்டி வழியாப் போறோம்."



மச்சினன் வீடு கடைக்குப் பின்னால். ஒரு ரூம், ஒரு அடுப்படி. எனக்கு விவரம் தெரிந்து வேலை இல்லாமல் உட்கார்ந்த முதல் நாள் அந்தச் செவ்வாய்க்கிழமைதான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மதினி மத்தியானமே சொல்லிவிட்டாங்க, ராத்திரிக்கு இட்லி, தொட்டுக்கொள்ளப் பொடி, வேறொன்றும் செய்யப் போவதில்லை, சுற்றுலாவுக்கு வந்த இடத்தில் சட்னி அரைக்க முடியாது என்று.

சாயங்காலம் ஆனது. நான் நாற்காலியில் இருந்தேன். மதினி தரையில் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாங்க. மச்சினன் முன்னால் கடையில். வீட்டுக்காரி அடுப்படியில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"அண்ணன் கூப்புடுதாரு" என்றேன். எனக்குக் காது மந்தம், அதனால் எது சொன்னாலும் சத்தமாகத்தான் சொல்வேன்.

அடுப்படியில் மிக்சி ஓட ஆரம்பித்தது.

நான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏலே! என்னமா அடிக்காங்கன்னு கேளுலே! நீ இல்லாம எனக்கு மனசே ஒப்பல. அதான் போட்டேன். கேளு!"

அப்புறம் அண்ணன் பேசவில்லை. போனைக் கொட்டுக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டார். நல்ல அடி. அந்தக் கொட்டுக்காரர்களுக்காகத் தேதியை மாற்றியது தப்பில்லை என்று தோன்றியது. மதினி டிவியை விட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. அணைக்கலாம் என்று பார்த்தால் போனில் வெளிச்சம் போய்விட்டது. எதை அமுக்குவது என்று தெரியவில்லை. அண்ணன் வைக்கிற வரை ரெண்டு பேரும் கேட்டோம்.

சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மிக்சியும் நின்றது. வீட்டுக்காரி வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"யாரு போன்ல?"

"அண்ணன்" என்றேன்.

"என்னவாம்?"

"சாட்டியாச்சாம்" என்றாங்க மதினி.

"அப்படியா. எனக்கு ஒன்னும் கேக்கலக்கா. மிக்சி ஓடுச்சு."

மச்சினன் கடையிலிருந்து வந்தான். போனில் கேட்டதெல்லாம் ஒரு கணக்கா என்று சிரித்தான். அவன் இந்த ஊர்க்காரன், சிரிக்கலாம். நான் பூசாரிக்குப் போன் போட்டேன். இந்தத் தடவையும் ஸ்பீக்கர்தான்.

விஷயத்தைச் சொன்னேன். பூசாரிக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"குழாயில கேட்டது கணக்குன்னா போன்ல கேட்டதும் கணக்குதான. அன்னைக்கு அவரப் படுக்கச் சொல்லிட்டு இன்னைக்கு ஒங்களப் போங்கன்னா அவரு வந்து என்னக் கேப்பாருல்ல."

"ஆமா" என்றேன்.

"யாரு யாரு கேட்டது?"

"நானும் மதினியும்."

"ஒங்க வீட்டுல?"

"மிக்சி ஓடுச்சு."

"மிக்சி ஓடுனா கேக்காது" என்றார் பூசாரி. "அவுக போகட்டும். நீங்க ரெண்டு பேரும் கடைசி பஸ்ஸப் புடிச்சு வந்துருங்க."

மதினி அண்ணனைக் கூப்பிட்டாங்க. அண்ணன் குரல் நல்ல உற்சாகத்தில் இருந்தது. அங்கே விஷயம் இன்னும் போகவில்லை.

"கேட்டியா, எப்படி?"

"கேட்டேன். நல்லாக் கேட்டேன். வீட்டு வாசலத் தொறந்து வைங்க, வாரேன்."

"எதுக்கு வார?"

"மனசு ஒப்பலன்னு போட்டீகளே. இப்ப ஒப்புதா?"

அண்ணன் மெதுவாக, "அப்ப எனக்குச் சோறு?" என்றார். மதினி போனை வைத்துவிட்டாங்க.

வீட்டுக்காரி பெட்டியைத் திறந்து என் வேட்டி ரெண்டையும் சட்டைகளையும் எடுத்து ஒரு கட்டைப் பையில் வைத்தாள். வைத்துவிட்டுப் பெட்டியை மூடாமல் நின்றாள்.

"நீ போயிட்டு வா" என்றேன்.

"நீங்க?"

"மில்லு இருக்குல்ல. பொங்கலுக்கு மாவு இடிக்க ஆளு தேடுவாக."

"ஒங்களுக்கும் சேத்துத்தான டிக்கெட்டு போட்டோம்."

"ஒந் தம்பி கூட இருக்கான். அவனுக்கு இந்தி தெரியும்."

"அவனுக்கு இந்தி தெரியாதே."

"இங்கிலீஷ் தெரியும்" என்றேன். அதுவும் எந்த அளவுக்கு என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

அவள் தலையை ஆட்டினாள். பெட்டியை மூடினாள்.

கிளம்புகிறபோது தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். இட்லிச் சட்டியில் ஆவி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மிக்சி. ஜாரைத் தூக்கிப் பார்த்தேன். காலி. உள்ளே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. முப்பது வருஷமாக அரைக்கிறவன், எது அரைத்த ஜார், எது அரைக்காத ஜார் என்று எனக்குத் தெரியும். இருந்த மாதிரியே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் மதினி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாங்க. பெரிய கண்மாய் தாண்டியதும் திரும்பி, "ராத்திரிக்குச் சட்னி கிடையாதுன்னு நான்தான சொன்னேன்?" என்றாங்க.

"ஆமா மதினி."

"பெறகு அவ என்னத்த அரைச்சா?"

"தெரியலயே" என்றேன்.

மதினி என்னையே பார்த்தாங்க. அப்புறம் திரும்பிக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாங்க. அண்ணனிடம் அதை மட்டும் அவங்க சொல்லவில்லை. பூசாரியிடமும் சொல்லவில்லை.

ரயில் நாள் வரைக்கும் வீட்டுக்காரி பாளையம்பட்டியிலேயே இருந்தாள். ஊர் எல்லைக்குள் வந்தால் யாராவது கொட்டை நினைவுபடுத்திவிடுவார்கள். நான் பகலில் போய் வந்தேன். வேண்டிய சாமானைக் கொண்டு கொடுத்தேன். இட்லிப் பொடியை நானே அரைத்துக் கொண்டுபோனேன். ருசி பார்த்துவிட்டுப் பெருங்காயம் தூக்கல் என்றாள்.

ஒரு நாள் ஸ்வெட்டர் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போனோம். ஜவுளிக்கடைக்காரர் வெளியே வெயிலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஸ்வெட்டரா? பங்குனியிலயா?"

"ஆமா."

"யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல. மலைக்குப் போறோம்."

"எந்த மலை? சதுரகிரியா?"

மேலே போய்த் தேடிவிட்டு, கைக்குழந்தை போடுகிற ஸ்வெட்டர் ஒன்றும் குரங்குக் குல்லா ஒன்றும் எடுத்து வந்தார். குல்லாவை மட்டும் வாங்கினோம். ஸ்வெட்டரை மச்சினன் போனில் வரவழைத்தான். பார்சல் வந்த மத்தியானம் கரண்டு இல்லை. வீட்டுக்காரி ஸ்வெட்டரைப் போட்டு, குல்லாவையும் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுக் கழற்றினாள்.

"நல்ல ஸ்வெட்டருதான்" என்றாள்.

அன்றைக்குக் கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை போட்டுத் தாளித்து, மணம் கடை வரைக்கும் வந்தது. அவள் விருந்தாளி, தாளிக்கலாம். நான் ஊர்க்காரன். கொண்டுபோயிருந்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டேன். அவள் தன் தட்டைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கிளம்பிய அன்றைக்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பினேன். மதுரைக்குப் போனால் ராத்திரிக்குள் ஊர் திரும்ப முடியாது. மச்சினன் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு, ஏன்தான் இதைச் சுமக்கிறேன் என்று புலம்பினான். வீட்டுக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்கிறபோது குனிந்து சொன்னாள்.

"காலண்டரத் தொடச்சிருங்க."

"சரி" என்றேன்.

அப்புறம் மில்லுதான். மச்சினன் படம் அனுப்புவான். ரயிலில் இட்லிப் பொடியைச் சப்பாத்திக்குத் தொட்டுச் சாப்பிடுகிற படம். எதிர் சீட்டுக்காரர்களும் தொட்டுச் சாப்பிடுகிற படம். தேசியப் பூங்காவுக்குப் போன அன்றைக்கு ஒரு பனிச்சிறுத்தைப் படம் வந்தது. உற்றுப் பார்த்தால் அது வாசலில் இருக்கிற போர்டு. பக்கத்தில் வீட்டுக்காரி குல்லாவோடு நிற்கிறாள். மதினி அண்ணனிடம் போனைக் காட்டினாங்க.

"அங்க போயும் போர்டுலதான் பாத்திருக்கா" என்றார் அண்ணன்.

"நீங்க போர்டாச்சும் காட்டுனீகளா?" என்றாங்க மதினி.

அண்ணன் அந்த வாரம் முழுக்க தினம் சாயங்காலம் மில்லுக்கு வந்து, வேலை இல்லாவிட்டாலும் மாவு சலித்துக் கொடுத்தார்.

பனி இன்னும் பார்க்கவில்லை என்று மச்சினன் சொன்னான். மழை, பாதை அடைத்திருக்கிறது, மேலே விடவில்லை, நாளைக்கு விட்டால் உண்டு, இல்லாவிட்டால் ரயிலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றான். நாளைக்கு இங்கே பொங்கல்.

மறுநாள் கோயில் முன்னால் நல்ல கூட்டம். அடுப்பு வரிசையாகப் புகைந்தது. கொட்டுக்காரர்கள் அன்றைக்குச் சாட்டுக்கு அடித்ததைவிடப் பலமாக அடித்தார்கள். குழாய் ரேடியோ வேறு. மதினி பானையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாங்க, நான் விறகு தள்ளினேன். சட்டைப் பையில் போன் நடுங்கியது. மச்சினன் நம்பர்.

எடுக்கவில்லை. எழுந்து ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்து நாலு பேர் என்ன ஆச்சு என்றார்கள். மில்லைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அப்பவும் சத்தம் வந்தது. ஜன்னலைச் சாத்தி, சாக்கு ரெண்டை இடுக்கில் திணித்தேன். மிளகாய் மூட்டைகளை நெருக்கி வைத்து அதற்கு நடுவில் உட்கார்ந்தேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. போன் நின்றுவிட்டு மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"எங்க இருக்கீக?" வீட்டுக்காரி குரல். "இன்னைக்குப் பொங்கலில்ல? கொட்டுச் சத்தமே காணோம்."

"மில்லுக்குள்ள இருக்கேன். கதவச் சாத்திருக்கேன்."

"எதுக்கு?"

"இங்க மிக்சி இல்ல. அதான்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பாகி, ஒரு வழியாக நின்றது.

"மேல விட்டாகளா?" என்றேன்.

"விட்டாக. மேலதான் நிக்கிறேன்."

"தொட்டியா?"

"தொட்டேன். கை மரத்துப்போச்சு. இவன் விடுக்கா விடுக்கான்னான். நான் விடல."

"வெள்ளையா இருக்கா?"

"வெள்ளதான். தொடைக்க வேண்டியதே இல்ல."

நான் மூட்டைக்கு மேலே தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். காலையில்தான் துடைத்திருந்தேன்.

"காலண்டர்ல மூணு மலைதான் இருக்கு. அங்க எத்தன தெரியுது?"

"இருங்க, எண்ணுறேன்."

எண்ணினாள். மெதுவாக, ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணினாள். நடுவில் மச்சினன், "அது மேகம்க்கா" என்றான். "மேகம் இல்லடா, நல்லாப் பாரு" என்றாள். கணக்கு விட்டுப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெளியே பானை பொங்கிவிட்டது போல, குலவைச் சத்தம் கேட்டது. நான் போனை உள்ளங்கையில் மூடிக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

"முடிஞ்சுச்சா?" என்றேன்.

"முடிஞ்சுச்சு."

"எத்தன?"

"பதினேழு."